கூண்டில் நின்றவனுக்குச் சொல்லாதது

பினாங்கு போலீஸ் கோர்ட்டில் நான் துபாஷி. தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் சம்பளம். இங்கிலீஷில் சொல்வதைக் கூண்டில் நிற்பவனுக்குத் தமிழில் சொல்லும் வழக்கம் அப்போது எங்கள் கோர்ட்டில் இல்லை. இன்ஸ்பெக்டர் கால் மணி நேரம் சாட்சி சொல்வார். கூண்டில் நிற்பவன் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கடைசியில் நான் திரும்பி, "மூணு மாசம்" என்பேன். அவன் கும்பிடுவான். யாரும் குறை சொன்னதில்லை. சொல்வதானாலும் என் வழியாகத்தான் சொல்லியாக வேண்டும்.

வராந்தாவில் காத்திருக்கும் சனங்கள், "எல்லாம் துபாஷி கையிலதான் இருக்கு" என்று பேசிக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கையில் குடையைத் தவிர ஒன்றும் கிடையாது.

ஒருநாள் புதிய துரை வந்து உட்கார்ந்தார். கப்பலை விட்டு இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூண்டில் சுங்கை பினாங் மாட்டுவண்டிக்காரன் ஒருவன். பாலிக் புலாவிலிருந்து ஏற்றி வந்த ஜாதிக்காயில் ஒரு மூட்டையைத் திருடி விற்றான் என்று வழக்கு. நிரூபணமானால் ஜெயில், வண்டி லைசென்சும் போய்விடும். பின்வரிசையில் அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் முடித்ததும் துரை என்னிடம் கேட்டார்.

"இதெல்லாம் அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது, சார்."

"ஏன்?"

"யாரும் சொல்லவில்லை, சார்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "இப்போது சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்."

எனக்கோ சாப்பாட்டு நேரம். நமக்கேன் இந்த வேலை என்று நொந்துகொண்டே உரக்கச் சொன்னேன். "போன புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு, பள்ளிவாசல் பக்கத்துக் கடையில நீ அந்த மூட்டைய வித்தத போலீசு மாத்தா-மாத்தா ஒருத்தரு கண்ணால பாத்தாராம்."

"புதன்கிழமையா ஐயா? அன்னைக்கு நான் இங்கதானே நின்னேன் லா."

"இங்கன்னா எங்க?"

"இந்தக் கூண்டுலதான். வண்டியில வெளக்கு இல்லன்னு புடிச்சாங்க. காலையில வந்தவன, மூணு மணிக்குத்தான் விட்டாங்க. அபராதம்னு நீங்கதானய்யா சொன்னீங்க."

இதைத் துரைக்கு மொழிபெயர்க்கும்போது எனக்குக் காது சுட்டது. கோர்ட் எழுத்தரான கிராணி ரிஜிஸ்தரைப் புரட்டினார். புதன்கிழமைப் பக்கத்தில் அவன் பேர் இருந்தது. துபாஷி என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. நான் எப்போதும் துரையைப் பார்த்தே பேசுவேன். தண்டனையைச் சொல்லத் திரும்பும்போதும் கூண்டில் நிற்பவன் முகத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. இன்ஸ்பெக்டர் இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு தள்ளுபடியானது. வராந்தாவில் வண்டிக்காரன் பெண்டாட்டியோடு வந்து நின்றான். நன்றி சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, "பரவாயில்ல, போய்ப் பொழப்பப் பாருங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பெண் போகவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி இவரு மூணு மாசம் உள்ள இருந்தாருங்க ஐயா. என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, தெரியாதும்பாரு. மனுசன் பொய் சொல்றாருன்னு நான் இன்னைக்கு வரைக்கும் திட்டிக்கிட்டே இருக்கேன். அன்னைக்கு இவரு மேல என்னதான் சொன்னாங்க?"

யோசித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"ஞாபகமில்லம்மா" என்றேன்.

அன்றைக்கும் நான்தான் துபாஷி.