அமுங்கிப் போன கட்டி

எனக்குக் கோவையாக எழுத வராது. எழுத உட்கார்ந்தால் பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

போன வாரம் தங்கை சரசுவை ஸ்கேன் எடுக்கக் குன்னூருக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு மார்பில் சின்னதாக ஒரு கட்டி. மழைக்கு முன்பு எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "வளர்ந்தால் ஆபரேஷன்தான்" என்று சொல்லியிருந்தார்கள். தேயிலை விலை விழுந்து, எஸ்டேட்டில் பாதி நாள்தான் அவளுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. இதில் படுத்துவிட்டால் அந்த வேலையும் இருக்குமா?

டாக்டரம்மா கருவியை மெல்ல வைத்து அளந்தார். பழைய படத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"தடிமன் கூடியிருக்கே..."

சரசு என் கையைப் பிடித்தாள். 

"போன தடவை ரொம்ப அழுத்தி எடுத்தாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நாந்தானுங்க அழுத்தச் சொன்னேன். எங்க எஸ்டேட் கம்பவுண்டர் வயித்துல கை வெச்சா முதுகு வரைக்கும் தெரியும். போன தடவை ஸ்கேன் எடுத்த புள்ள பூவாட்டம் தொட்டுச்சு. 'சோறு திங்கலையா கண்ணு, நல்லா அமுக்கிப் பாரு'ன்னு சொன்னேனுங்க" என்றாள் சரசு.

டாக்டரம்மா சிரித்தேவிட்டார். அழுத்தினால் சதையோடு கட்டியும் தட்டையாகி, படத்தில் ஒல்லியாகத் தெரியுமாம். அவரிடம் சோதனைக்கு வந்த புதுக் கருவி ஒன்று இருந்தது. எவ்வளவு அழுத்துகிறோம், சதை எங்கே எவ்வளவு அமுங்குகிறது என்று அது அளக்கும். அழுத்தாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டர் படத்தைத் திருத்தித் தரும்!

அந்தக் கருவியை வைத்து, பழைய படத்தில் இருந்த அளவுக்குச் சதை அமுங்கும்வரை அழுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

"இப்பத்தானுங்க டாக்டராட்டம் பாக்கறீங்க!"

திரையில் கட்டி தட்டையானது - அதே பழைய அளவு! கம்ப்யூட்டர் திருத்தியதும், அமுங்கிய படம் உப்பி, சற்று முன் மெல்ல வைத்து எடுத்த அளவிலேயே வந்து நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் கை தட்டிவிட்டேன்!

"கட்டி வளரலைம்மா. இப்ப ஆபரேஷன் வேண்டாம். தவறாம வந்து காட்டுங்க. ஆனா யாரையும் அமுக்கச் சொல்லாதீங்க!"

அழுத்திப் பார்த்தால்தான் சரியாகப் பார்த்ததாக நமக்கெல்லாம் ஒரு நினைப்பு, இல்லையா?

கம்ப்யூட்டர் விஷயத்தை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள் - 'வளரலை' என்பதை மட்டும் விட்டுவிட்டு!