கோமளா அக்கா கடைச் சுவரில் இருந்த சீட்டு

செவ்வாய்க்கிழமை காலை அம்மா போனில், "கோமளா அக்கா போயிட்டாங்கடி" என்றபோது நான் சிரித்துவிட்டேன். 'மாவட்ட ஊசி ஆய்வாளர் பேசுகிறேன்' என்று குரல் மாற்றி எத்தனையோ முறை அக்காவை ஏமாற்றியிருக்கிறேன். அம்மாவை வைத்துப் பழி வாங்குகிறார் என்றே நினைத்தேன். பிறகு அம்மா அழுவது கேட்டது. அம்மாவுக்கு நடிக்க வராது.

எங்கள் ஊர் கோவில்பதாகையில் அவரிடம் ஜாக்கெட் தைக்காத வீடு குறைவு. தையல் என்றால் பெண் என்றும் பொருள் என்று தமிழ் வகுப்பில் கேட்டதை அவரிடம் சொன்னேன். "அப்ப கிழிஞ்சு போற பொம்பளைங்களுக்கு ஒட்டுப்போடறவடி நானு" என்றார்.

அவர் கடை ஆணியில் மயில்கழுத்து நிற ஜாக்கெட் ஒன்று தொங்கும். தைக்கக் கொடுத்தவர் வாங்க வரவே இல்லை. மார்பில் கட்டி, வெளியே சொல்லாமலே இறந்துபோனார். "அளவெடுக்கும்போது என் கையில தட்டுச்சு. கேக்க வெக்கமா இருந்துச்சு. வெக்கப்பட்டது நான், செத்தது அவ" என்பார் அக்கா. அதற்குப் பிறகுதான் கடையில் அந்தச் சட்டம் வந்தது. சுகாதார நிலையத்தில் மார்பும் கருப்பை வாயும் பரிசோதித்துத் தரும் சீட்டைக் காட்டினால்தான் தைத்த ஜாக்கெட் கைக்கு வரும். ஒருநாள் நான் கடையில் இருந்தபோது ஒருத்தி மல்லுக்கு நின்றாள்.

"இன்னாம்மே, நாளைக்குக் கல்யாணம் கீது, குடும்மே!"

"சீட்டைக் குடு, ஜாக்கெட்டை எடு."

"மொதல்ல நீ போனியா? உன் சீட்டு எங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். அவர் போயிருக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் அழிரப்பரைச் செதுக்கி முத்திரை செய்தேன். அம்மாவின் சீட்டைப் பார்த்து அக்கா பெயரில் ஒன்று எழுதினேன். டாக்டர் கையெழுத்து ஒரு எழுத்தும் புரியவில்லை. அதனாலேயே அசலாக இருந்தது. அக்கா வயிறு குலுங்கச் சிரித்து அதைச் சுவரில் குத்தினார். "தீபாவளித் துணி முடியட்டும், போயி நெசமாக்கிடறேன்."

தீபாவளி முடிந்து பொங்கல் வந்தது. பொங்கல் முடிந்து முகூர்த்தம். சீட்டைப் பார்த்து வாயடைத்த பெண்கள் கூட்டமாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார்கள். அக்கா போகவில்லை. தோள் வலி வந்தபோது பழியை மெஷின் மேல் போட்டார். "எண்ணெய் மெஷினுக்கா, தோளுக்கா?" என்று நானும் கேலி செய்தேன். டாக்டரிடம் போனபோது மார்பிலிருந்து எங்கெங்கோ பரவியிருந்தது.

படுக்கையில் கிடந்தவரிடம், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "வாணாண்டி. பொய்ச் சீட்டுன்னு தெரிஞ்சா ஒருத்தியும் போவமாட்டாளுங்க." தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

எடுக்கிற அன்று அவர் வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"செக்கப் பண்ணி சீட்டு வெச்சிருந்தவளே போய்ச் சேந்துட்டா."

"அதானே. நாம போயி இன்னாத்துக்கு? இந்த வாட்டி நான் போவல."

அது நான் செய்த பொய்ச் சீட்டு என்று அங்கேயே சொல்லிவிட்டேன். "சாவு ஊட்லயுமா உன் வெளாட்டு?" என்று முதுகில் ஒன்று விழுந்தது. இத்தனை வருடம் நான் விட்ட புளுகையெல்லாம் நம்பியவர்கள், இதை மட்டும் நம்பவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, மறுபடியும் சொல்கிறேன். அத்தைகளே, அக்காக்களே, பரிசோதனை செய்துகொண்டும் அவர் செத்தார் என்பது பொய். அவர் போகவே இல்லை. சுவரிலிருந்த சீட்டும் அந்த ரப்பரும் என்னிடம்தான் இருக்கின்றன. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அவ்வளவே. வீட்டுக்கு வாருங்கள். உங்கள் கண்ணெதிரே வெள்ளைத்தாளில் குத்திக் காட்டுகிறேன், சீட்டோடு ஒத்துப்பாருங்கள்.