கொஞ்சம் வெளிச்சம் போடுங்க

எங்கள் சந்தியில் யாரும் "என் பிள்ளையை வெள்ளையாக்கித் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். வெட்கம். "கொஞ்சம் வெளிச்சம் போடுங்க" என்பார்கள். சித்தாண்டியில் நல்லரத்தினத்தின் ஸ்டூடியோவில் பல வருடங்களாக இந்த வெளிச்சம்தான் விலைபோகிறது. பக்கத்துக் கடை என்னுடைய அச்சகம். கலியாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிப் பெனர் எல்லாம் நான் அடிப்பேன். அவற்றில் வரும் முகங்களை அவன் கொடுப்பான். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டிதான். அவன் தும்மினால் இங்கே எனக்குக் கேட்கும்.

இப்போது அவனுக்கு ஒரு புதுப் பழக்கம். எடுத்த படம் ஒன்றையும் அழிப்பதில்லை. வெளிச்சம் போடாத மூலப்படங்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்குகள் அவன் மேசை லாச்சியில் மூடமுடியாத அளவுக்குக் கிடக்கின்றன. யாரும் வந்து அவற்றைக் கேட்டதில்லை. ஆனால் வெளிச்சம் போடுவதையும் அவன் விடவில்லை. விட்டால் அடுப்பெரியாது. இதைச் சொல்லி நான் ஒருநாள் குத்தினேன். "உன்ட பெனர்ல எத்தின கறுப்பு முகம் வந்திரிக்கி, சொல்லு மச்சான்" என்று கேட்டான்.

நல்லரத்தினத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. நானும் அவனும் ஒரே வகுப்பு. அவன் நல்ல கறுப்பு, மினுமினுக்கிற கறுப்பு. அவனுடைய அப்பா வாவியில் வலை வீசியவர், அவரும் அப்படித்தான். மட்டக்களப்பு டவுனில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் பழகிவிட்டு வந்து இங்கே கடை போட்டபோது பிலிம் காலம். அப்போது அவன் கறுப்பு முகங்களை எடுக்கிற விதமே தனி. விளக்கை நேரே வைக்கமாட்டான். பக்கத்தில் சரித்து வைப்பான். பொம்பளைகள் வேர்வையைத் துடைக்கப் போனால் "விடுங்கக்கா, மினுங்கட்டும்" என்பான். படம் வந்து பார்த்தால் நம் சனமா இது என்று இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படங்களில் இருந்த எங்கள் அம்மாக்களைப் போல அழகிகளை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

நாட்டில் சண்டை முடிந்த கையோடு காலம் மாறியது. முறக்கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் படம் கனடாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. "பொண்ணு நல்லம், படந்தான் சரியில்ல" என்று தரகர் சொல்லிவிட்டார். அதே பெண்ணை வீட்டார் வாழைச்சேனையில் இன்னொரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்தார்கள். ஒரு மாதத்தில் கலியாணம் பொருந்திவிட்டது. நல்லரத்தினம் அந்தப் புதுப்படத்தைக் கண்டு, "இது அந்தப் புள்ள இல்ல மச்சான், பவுடர் டப்பாவுல வாற புள்ள" என்று சிரித்தான். அடுத்த ஆறு மாதம் அவன் கடைக்கு ஈதான் வந்தது. பிறகு அவனும் கணினி வாங்கினான். கெட்டிக்காரன், சீக்கிரம் பிடித்துக்கொண்டான். ஏறாவூர், ஓட்டமாவடி முஸ்லிம் வீடுகளிலிருந்துகூட அவனைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

இதை யார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கடைக்குக் கடை தொங்குகிற கிறீம் விளம்பரத்தைத் திட்டலாம். டீவி நாடகத்தைத் திட்டலாம். திட்டுவது சுகம். ஆனால் எங்கள் வீட்டுக்குள்ளேயும் ஒன்று இருந்தது. எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெண் பிறந்த நாளிலிருந்து தாய்க்குக் கவலை, வளவு வேண்டும், கல்வீடு வேண்டும், நகை வேண்டும். அந்தப் பட்டியலில் எப்படியோ நிறமும் சேர்ந்துகொண்டது. வீடு கட்ட வருடக் கணக்காகும். நிறத்தை நல்லரத்தினம் ஒரு பின்னேரத்தில் கொடுத்துவிடுவான். நான் மட்டும் என்ன திறம்? என் மகளின் கலியாணக் கார்டுக்குப் படம் வைத்தபோது தகரத்தைத் தட்டி, "மச்சான், எங்கிட புள்ளைக்குக் கொஞ்சம் வெளிச்சம்" என்று கேட்டவன்தான் நான்.

இனி எங்கள் ஊர் அன்னப்பூரணியின் மகளுக்கு வருகிறேன். விதுர்ஷா என்று பெயர். தினமும் என் கடை வாசலால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவளுடைய அப்பா கட்டாரில் வேலை. போன வருடம் பதின்மூன்று வயதில் அவள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு நடந்தது. முன்பென்றால் தண்ணீர் வார்த்து, சொந்தக்காரருக்குச் சோறு போட்டு, ஒரு படம் எடுத்தால் முடிந்துவிடும். இப்போது சடங்குக்கு முதல் ஒரு நாள், சடங்கன்று ஒரு நாள், முடிந்தபின் வெளியிடத்தில் ஒரு நாள் என்று மூன்று நாள் படப்பிடிப்பு. விதுர்ஷாவைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போய் முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்து, மேலே ட்ரோன் விட்டு எடுத்தார்கள். வெயிலில் அந்தப் பிள்ளை கண்ணைச் சுருக்கினால் அன்னப்பூரணி கரையில் நின்று சத்தம் போடுவாளாம். அவளைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்படிச் செய்திருந்தார்கள், கட்டாரில் இருக்கும் மனுசனும் குறையில்லாமல் செய் என்று சொல்லியிருந்தார்.

அல்பம் வாங்க இருவரும் வந்த நாள் நானும் அங்கே இருந்தேன். அல்பத்தோடு, சுவரில் மாட்டப் பெரிதாக லெமினேட் செய்த படம் ஒன்று. விதுர்ஷா அதைப் பார்த்துவிட்டுக் கேலியாகக் கேட்டாள்.

"மாமா, இது ஆரு?"

"நீதான் புள்ள" என்றான் நல்லரத்தினம்.

"அப்ப நெத்தியில என்ட காயத்தக் காணல்லியே."

பத்து வயதில் சைக்கிள் கரியரிலிருந்து மதகுக் கட்டின் மேல் விழுந்து, புருவத்துக்கு மேலே மூன்று தையல் போட்ட தழும்பு அது. நல்லரத்தினம் வாய் திறக்கமுன் தாய் முந்திக்கொண்டாள்.

"நான்தான் எடுக்கச் சொன்னன். அழகான முகத்துல அது என்னத்துக்குகா?"

"எனக்கு அது பிரச்சின இல்லம்மா."

"பாக்கிறாக்களுக்குப் பிரச்சின" என்றாள் அன்னப்பூரணி.

எல்லோரும் சிரித்தோம். விதுர்ஷாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை அன்றைக்கு நான் கணக்கெடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடப் போட்டி ஒன்றுக்குச் சின்னப் படம் எடுக்கத் தனியே வந்தவள், "மாமா, அல்பத்துல இரிக்கிற மாதிரியே போடுங்க" என்று தானே கேட்டாளாம். நல்லரத்தினம் இதைத் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் எங்கள் இரண்டு பேரையும் யாராவது கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

மாரி மழை விட்ட பிறகு எங்கள் பக்கம் டெங்கு பரவியது. விதுர்ஷாவுக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் போய்விட்டாள். பதினான்கு வயது. பெனர் அடிக்க வேண்டும் என்று அவளுடைய தாய்மாமன் வந்தார். சுவரில் தொங்கிய படத்தைத்தான் நல்லரத்தினம் எனக்கு அனுப்பினான், நானும் வேறு யோசிக்காமல் அடித்தேன். சந்தியில் கட்டினார்கள். மறுநாள் காலை எதிர்க்கடை வினாயகமூர்த்தி தேத்தண்ணிக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார், "ஆரு தம்பி இந்தப் புள்ள? டவுன் புள்ளயா?" அவளுக்குத் தினமும் பள்ளிக்கூடம் விட்டபின் டொபி விற்கிற மனுசன் அவர். நான் பெயரைச் சொன்னேன். அவர் பெனரை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அன்னப்பூரணி வந்தாள். சாவீட்டுத் துடக்குக் கழியாமல் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று சொந்தக்காரர் தடுத்தும் கேட்காமல் வந்திருக்கிறாள். தலை வாரவில்லை. காலில் செருப்பும் இல்லை.

"அண்ணே, முப்பத்தொண்டுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்துல அந்தப் படத்தப் போட வேணாம்" என்றாள். "அது என்ட புள்ள இல்ல. வீட்டுச் சுவருல தொங்குது, பாத்து அழ வருகுதில்ல. ஆரோ ஒரு புள்ளயப் போல இரிக்கி. எனக்கு என்ட கறுத்தப் புள்ள வேணும்."

அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக்குப் போனேன். அவள் கேட்டதும் நல்லரத்தினம் கதிரையிலிருந்து எழும்பினான்.

"தங்கச்சி, நான் அல்பம் குடுத்த கையோட மூலப்படத்த அழிச்சிருவன். இடம் காணாது. ஆரும் மறுகா வந்து கேக்கிறதுமில்ல."

"ஒண்டுமே இல்லியா?"

"திருத்தினதுகள் மட்டுந்தான் இரிக்கி."

அவள் மடியிலிருந்து விதுர்ஷாவின் போனை எடுத்தாள். அதில் நூற்றுக்கணக்கில் படம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். எல்லாம் பில்டர் போட்டவை. கன்னம் அவித்த முட்டை போல, கண் பெரிதாக, நெற்றி துடைத்த பீங்கான் போல. அல்பத்தைப் பார்த்த நாளுக்குப் பிறகு அவள் தன் முகத்தைத் தானும் விட்டுவைக்கவில்லை. ஒரு படத்தில் தாயும் மகளும் தோளோடு தோள். அதில் மகளின் தோளில் கிடந்த அன்னப்பூரணியின் கை மட்டும் உண்மை நிறத்தில் இருந்தது. பள்ளிக்கூடக் குழுப்படம் ஒன்றும் கிடைத்தது. கடைசி வரிசையில் முன்னால் நின்ற பிள்ளையின் தலைக்குப் பின்னே பாதி முகம், நெற்றி மறைந்திருந்தது. போன் சாமத்தியத்தோடு வாங்கியது; அதற்கு முந்தி வீட்டில் இருந்தவை எல்லாம் சின்ன வயதுப் படங்கள், விழுவதற்கு முன்னால் எடுத்தவை.

நல்லரத்தினம் கணினிக்கு முன்னால் குந்திச் சுவர்ப்படத்தைத் திறந்தான். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தான். முகம் கறுக்கவில்லை, சாம்பல் பூசியது போல வந்தது. போட்ட வெளிச்சத்தைத் திருப்பி எடுக்க அவனுக்குத் தெரியவில்லை.

அன்னப்பூரணி கிட்டே போனாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை திரையோடு ஒட்டி வைத்தாள்.

"நானும் அவளும் ஒரு நிறம். இதப் பாத்துப் போடுங்க அண்ணே."

அவன் அந்தக் கையை நிமிர்ந்து பார்த்தான். எழும்பிப் போய், எத்தனையோ வருடமாகத் தூசி பிடித்துக் கிடந்த பழைய விளக்கை எடுத்து வந்து கொளுத்தி, பிலிம் காலத்தில் வைத்தது போலப் பக்கத்தில் சரித்து வைத்தான். கறுப்புக்குள் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள், எலும்பு தெரிகிற இடத்தில் மினுக்கம். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கலந்தான். அவள் ஒருமணி நேரத்துக்கு மேல் கையை எடுக்கவேயில்லை. நான் மூலையில் நின்று அழுதேன், மறைக்கவும் தோன்றவில்லை. இத்தனை கெட்டித்தனத்தை வைத்துக்கொண்டுதான் இவன் இவ்வளவு காலமும் எங்கள் முகங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டச் சொன்னவர்கள் நாங்கள்.

மெல்ல மெல்ல விதுர்ஷா வந்தாள். என் கடை வாசலால் புத்தகப் பையோடு போகிற அதே பிள்ளை.

"ஓம்" என்றாள் அன்னப்பூரணி. "இதுதான் என்ட புள்ள." திரையில் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி அந்தத் தழும்பையும் போட்டிருங்க அண்ணே" என்றாள்.

நல்லரத்தினம் மவுசைப் பிடித்துக்கொண்டு கேட்டான், "எந்தப் பக்கம் தங்கச்சி?"

அன்னப்பூரணி தன் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். விரல் இடது புருவத்துக்கு மேலே போய் நின்றது. பிறகு வலது பக்கம் போனது. மறுபடி நடுவுக்கு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். தினமும் அந்த முகத்தைக் கண்டவன் நான், எனக்கும் தெரியவில்லை. நல்லரத்தினம் அதைத் தன் கையாலேயே அழித்தவன், அவனும் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வருடமாக அவள் வீட்டில் காலையிலும் மாலையிலும் கண்டது சுவரில் தொங்கிய அந்த நெற்றியைத்தான்.

கட்டாருக்குப் போன் எடுத்துக் கேட்கலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். பிள்ளை விழுந்தது அவர் போன பிறகு, அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வரவில்லை என்றாள். போனில் அவர் கண்டதெல்லாம் பில்டர் போட்ட முகம்தான். பள்ளிக்கூடத்தில் கேட்கலாம், பக்கத்து வீட்டில் கேட்கலாம். ஆனால் என் பிள்ளைக்குத் தழும்பு எந்தப் பக்கம் என்று பெற்றவள் போய் யாரிடம் எப்படிக் கேட்பாள்?

"நான்தானே அத எடுக்கச் சொன்னன்" என்றாள் அவள்.

சுருட்டிய கையை இறக்கிவிட்டு, திரையில் தெரிந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"போட வேணாம் அண்ணே. பிழையான பக்கம் போட்டா அதுவும் மறுகா வேற ஆரோட புள்ளயாயிரும்."

முப்பத்தோராம் நாள் புத்தகத்தை நான்தான் அச்சடித்தேன். நிறம் சரியாக வந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நெற்றியில் ஒன்றும் இல்லை.