கல்லாவுக்கு மேலே பிஸ்கட்காரி

உத்திரமேரூரில் நான் நடத்தும் டிபன் கடையில், கல்லாவுக்கு மேலே ஒரு பழைய பிரெஞ்சு பிஸ்கட் விளம்பரத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன். பிஸ்கட்டைக் கடித்தபடி ஒரு பெண் சிரிப்பாள்.

"சாமி மாட்ற எடத்துல இன்னா இது? கயட்டும்மா" என்றார் கணவரின் அண்ணன்.

"அழகா கீது மாமா. அது போதும்" என்றேன். அவர் வரும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

ஆயுத பூஜையன்று அவரே சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். கிரைண்டர், அடுப்பு, கல்லாப்பெட்டி என வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், பழக்க வேகத்தில் அந்தப் படத்துக்கும் வைத்துவிட்டார். துடைக்கப் போன கை பாதியில் நின்றது.

"வெச்ச பொட்டத் துடைக்கலாமா மாமா?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கற்பூரத்தை அவளுக்கும் காட்டினார்.

அவர் பொட்டு வைக்காவிட்டாலும் அவளைக் கழற்றியிருக்க மாட்டேன். எனக்குப் பிடித்ததை மாட்ட யார் வைக்கும் பொட்டும் தேவையில்லை.