ஏழாம் வாய்ப்பாடும் அத்தையின் படமும்

நான் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னேன் என்று, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் வைத்து, என்னைப் பெற்ற அப்பாவே சொன்னார். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவுக்குப் பூனாகலையில் தேயிலை ஃபேக்டரியில் மின்சார வேலை. லீவு நாளில் கறுப்பு வெள்ளைப் படம் பிடித்து, எங்கள் லயத்து வரிசை வீட்டின் குசினியிலேயே, அடுப்பை அணைத்துவிட்டு, பிரிண்ட் போடுவார். கொழுந்து பறிக்கும்போது அத்தை இடுப்பில் கட்டும் முரட்டுப் படங்குத் துணிதான் ஜன்னலுக்கு மறைப்பு. சிவப்பு பல்ப் ஒன்று மங்கலாக எரியும். நெகட்டிவ் வழியாகப் படத்தாளின் மேல் அப்பா வெள்ளை விளக்கைப் போட்டதும் நான் ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பிப்பேன். நான் முடித்ததும் அணைப்பார். வெளிச்சம் கூடினால் படம் கறுத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும். அந்த இருட்டில் கடிகாரம் தெரியாது, என் வாய்தான் கடிகாரம். அவசரப்படாமல், இழுக்காமல் சொல்வேன். எத்தனை பிரிண்ட் போட்டாலும் எல்லாம் ஒன்றுபோல வரும். அதற்காகத் தோட்டம் முழுக்க எனக்குப் பெயர் இருந்தது. சரி, எங்கள் லயம் முழுக்க.

அப்பாவின் தங்கையான அந்த அத்தைக்கு அப்போது மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். நாலு இடத்துக்கு அனுப்பப் படம் வேண்டும். முதல் பிரிண்டில் அத்தை அப்படியே இருந்தார். வெயிலில் கறுத்த முகம், மூக்குத்தி, அடக்கிவைத்த சிரிப்பு. அம்மா அதை வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெளுப்பா போடுங்களேன்" என்றார். அடுத்த படங்களுக்கு நான் பாதி வாய்ப்பாட்டில் இருக்கும்போதே அப்பா விளக்கை அணைத்தார்.

"அப்பா, நான் இன்னும் முடிக்கல!"

"வாய மூடு."

வாய்ப்பாடு சொல்லக் கூப்பிட்டுவிட்டு வாயை மூடச் சொல்வது என்ன நியாயம்? அந்தப் படங்களில் மூக்குத்தியைக் காணோம், சேலைக் கரையைக் காணோம். மாவு மூட்டையில் விழுந்து எழுந்தவர்போல யாரோ ஒருவர் இருந்தார். அந்த அரைகுறை அத்தையைத்தான் பசறையில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பசறையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா படத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"படத்துல வேற மாதிரி இருந்துச்சுங்களே?"

அப்பா உடனே என்னைக் காட்டினார். "வெளிச்சத்துக்குக் கணக்கு சொன்னது இந்தப் புள்ளதாங்க. வாய்ப்பாட்டத் தப்பா சொல்லிருச்சு, படம் வெளிறிப் போச்சு."

நான் விடுவேனா? நடுவீட்டில் நின்று ஏழாம் வாய்ப்பாட்டை முழுதாக ஒப்பித்தேன். அதுவும் போதாதென்று குசினிக்கு ஓடி, முதல் பிரிண்டை எடுத்துவந்து அந்த அம்மாவின் மடியில் வைத்தேன்.

"இது நான் முழுசா சொன்னதுங்க. மத்ததெல்லாம் அப்பா பாதியில அணைச்சது. அம்மாதான் வெளுப்பா போடச் சொன்னாங்க."

அந்த அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பஸ் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். உள்ளதைச் சொன்னதற்கு அடி! அத்தைதான் வந்து தடுத்தார். தரையில் கிடந்த அந்தப் பிரிண்டை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"இனிமே அனுப்புறதா இருந்தா புள்ள சொல்லி முடிச்ச படத்த அனுப்புங்கண்ணே. இல்லாட்டி ஒன்னும் அனுப்ப வேணாம்."

சொல்லி முடிப்பதற்குள் அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார், வெகுநேரம் நிமிரவே இல்லை. என் வாய்ப்பாட்டின் மேல் பழி போட்டதற்குத்தான் மனிதர் இவ்வளவு வெட்கப்படுகிறார் என்று நினைத்து, போனால் போகிறது என்று அவரை மன்னித்துவிட்டேன்.