ஸ்பீடுக்கு ஒரு வரி

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் 'எஸ்' எழுத்துச் சொற்களைப் பார்க்கும் அக்காவுக்கு ஆமை என்று பெயர். காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார், கொஞ்சம் நேரமாகும். ஒரு சொல் கையில் கிடைத்தால் அதன் பாட்டன் பூட்டன் வரை விசாரிக்காமல் விடமாட்டார். "போலீஸ்கூட இவ்வளவு நோண்டாது" என்பார் அவருடைய கணவர்.

அப்படிப்பட்டவரிடம் 'ஸ்பீட்' வந்து மாட்டியது. பழைய பதிப்பில் 'வேகம்' என்று ஒரே சொல்லோடு கடையைக் கட்டியிருந்தார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்குச் செழிப்பு, எடுத்த காரியம் கைகூடுவது என்றுதான் பொருள். விரைவு என்பது ஒண்ட வந்து, வீட்டுக்காரரையே வெளியே தள்ளிய பொருள். பயணம் கிளம்புகிறவரை 'காட்ஸ்பீட்' என்று வாழ்த்துவது, கடவுள் வண்டியை விரட்டட்டும் என்பதற்காக அல்ல. போகிற காரியம் நல்லபடி முடியட்டும் என்பதற்காக. 'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்' என்ற பழமொழியும் அப்படியே. அவசரம் கூடினால் காரியம் கூடாது. பழைய பொருள் தெரியாதவருக்கு அது வெறும் உளறல்.

இத்தனையையும் நெருக்கிப் பிடித்தால் ஒரே வரியில் அடக்கிவிடலாம். அந்த ஒரு வரிக்குத்தான் இடமில்லை. புதிய பதிப்புக்குப் பக்கங்கள் கட்டியாகிவிட்டன. இனி எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் அதே பக்கத்தில் வேறு யாராவது அத்தனை வரி விட்டுக்கொடுக்க வேண்டும். அலுவலகத்தின் சட்டம் அது. அந்தப் பக்கத்தில் கொழுத்துக் கிடந்தது 'ஸ்பெக்ட்ரம்'. அதன் சொந்தக்காரர், அறிவியல் சொற்களைக் கவனிக்கும் ஃபிசிக்ஸ் சார்.

"ஒரே ஒரு வரி சார்."

"என்கிட்ட வேண்டாத வரின்னு ஒண்ணு இருக்கா மேடம்?"

"ஏழு நிறத்துக்கும் பேர் எழுதியிருக்கீங்களே. வானவில் நிறங்கள்னு சொன்னா புரியாதா?"

"உங்களுக்கென்ன, ஈசியா சொல்லிட்டீங்க. ஊதாவை வெட்டினா எனக்குல்ல வலிக்கும்?"

காலை முழுக்க மன்றாடியதில் சார் மனம் இறங்கினார். பக்கம் கட்டுகிற பெண் ஏழு நிறங்களையும் துடைத்து, 'ஸ்பீட்'டுக்குக் கீழே இடம் விட்டாள்.

"வரியைக் குடுங்கக்கா, இப்பவே போட்டுடறேன்."

"இதோ."

அக்காவின் 'இதோ'வுக்கு அந்த அலுவலகத்தில் தனி அளவு உண்டு. 'வெற்றி' என்று எழுதினால் யாரோடோ மல்லுக்கு நின்றதுபோல் இருந்தது. 'செழிப்பு' வயலுக்குப் போய்விட்டது. 'கைகூடுதல்' கச்சிதம், ஆனால் வால் அடுத்த வரிக்கு நீண்டது. அடித்தார், எழுதினார், மறுபடி அடித்தார். கடைசியில் அச்சில் வார்த்ததுபோல் வரி அமைந்து அவர் எழுந்தபோது பெண்ணின் நாற்காலி காலி. மேனேஜர் நின்றிருந்தார்.

"பிரஸ்ல மெஷின் ஃப்ரீன்னாங்க மேடம். மொத்தத்தையும் அனுப்பிட்டேன்."

"என் வரி?"

"அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"பதறாத காரியம் சிதறாது சார். அந்த வரியே அதைப் பத்தினதுதான்."

"அப்ப அதைக் கொஞ்சம் பதறி எழுதியிருக்கலாமே?"

மேனேஜர் அவசரப்பட்டது தப்பு. அக்கா இழுத்தடித்ததும் தப்புதான். பாதி நியாயம் எதிராளி பக்கம் இருக்கும்போது வருகிற எரிச்சலுக்கு எந்த அகராதியிலும் சொல் இல்லை.

புத்தகம் அச்சாகி வந்தது. 'ஸ்பீட்: வேகம்.' அதற்குக் கீழே ஒரு வரி வெறுமை, பல் விழுந்த வாய்போல.

ஃபிசிக்ஸ் சார் விரலை வைத்துக் காட்டினார். "உங்களுக்கும் இல்லாம எனக்கும் இல்லாம, என் ஏழு நிறமும் எங்க போச்சு மேடம்?"

"அடுத்த பதிப்புல சேர்த்துடலாம் சார்."

"அடுத்த பதிப்பு வர்றப்ப நாம ரெண்டு பேரும் ரிட்டையராகி வீட்ல உக்காந்திருப்போம்."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இதுக்கா சண்டை? நடுவுல கொஞ்சம் இடம் விட்டா பக்கம் கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தானே இருக்கு."

"அப்ப முழுப் புஸ்தகத்தையும் வெள்ளையாவே அடிச்சிருக்கலாமே சார்" என்றார் அக்கா. "வேலை இன்னும் சீக்கிரமா முடிஞ்சிருக்கும்."