மண்ணின் மேல் பழி

சூடானில் அபு ஹமத் ஊருக்கு வடக்கே தங்கம் தேடுகிறவர்களில், பாபிகிருக்குச் சோறு போடுவது அவன் காதுதான். மண்ணுக்கடியில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியின் தட்டைத் தரையோடு ஒட்டி வீசிக்கொண்டே நடப்பான். ஹெட்போனில் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டிருக்கும். கீழே தங்கம் கிடந்தால் அது லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பிடிக்கிறவனை நம்பித்தான் முதலாளி கருவியைக் கொடுப்பார். மற்றவன் குழிக்குள் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கல் அரைக்கிற ஆலைக்குப் போக வேண்டும். பாபிகிர் ஆலையில் பல வருஷம் குப்பை கொட்டியவன். அந்த இரைச்சலுக்குத் திரும்ப அவனுக்கு மனமில்லை.

இந்தப் பருவம் எதுவும் விளங்கவில்லை. கருங்கல் மேட்டில் கருவி கண்ட கல்லுக்கெல்லாம் கத்தியது, உணர்திறனைக் குறைத்தான். ஓடை மணலுக்கு இறங்கியதும் கூட்டினான். உப்புப் பூத்த இடங்களில் தட்டை ஏற்றி இறக்கி, மண்ணின் சத்தம் அடங்கும்வரை சரிசெய்தான். எல்லாம் முறைப்படிதான், ஆனால் ஒன்றும் அகப்படவில்லை. ரீங்காரம் மட்டும் அமுங்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. அதன் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைத்தான். கேட்டவர்களிடம் மண் சரியில்லை என்றான். மண் என்ன, எதிர்த்தா பேசப்போகிறது?

மண்வெட்டியோடு பின்னால் வருபவன் திராப், அவன் மனைவியின் தம்பி. அன்று மத்தியானம் வேலமர நிழலில் தேநீர் குடிக்கும்போது வாயைத் திறந்தான்.

"மச்சான், நாம அலசின ஓடையில வேற ஆளுங்க தங்கம் எடுத்துட்டாங்களாம். பேரீச்சங்கொட்டை பெருசு. நம்ம காலடித் தடத்துக்கு நடுவுலயே கெடந்துச்சாம்."

"உப்பு மண்ணுடா மாப்ள. மெஷினு ஏமாத்துது."

"அவங்களுக்கும் அதே உப்புதானே?"

"ஒங்க அக்கா மாதிரியே தோண்டித் தோண்டிக் கேக்குற."

"தோண்டத்தானே கூட்டிட்டு வந்தீங்க."

திராப் ஹெட்போனை எடுத்து மாட்டினான். மாட்டிய வேகத்தில் பிடுங்கிவிட்டான்.

"என்ன மச்சான் இது, ஆலைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. இந்தச் சத்தத்துல தங்கம் எப்படிக் கேக்கும்?"

ஒலிக் குமிழைத் திருகி, கொசுவின் சத்தம் அளவுக்கு இறக்கி நீட்டினான். பாபிகிர் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

"ஏன்டா அணைச்ச?"

திராப் குனிந்து குமிழைப் பார்த்தான்.

"அணைக்கல மச்சான். ஓடிட்டுத்தான் இருக்கு."

பாபிகிருக்கு அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது, எலும்புவரை அலுப்பு. ஹெட்போனைக் கழற்றித் தன் கையாலேயே மச்சினன் தலையில் மாட்டினான். குனிந்து மண்வெட்டியை எடுத்தான்.

"முதலாளி கேட்டா என்ன சொல்றது?"

"ஒனக்குக் காது இருக்குன்னு சொல்லு. நட."

திராப் கருவியை வீசிக்கொண்டு முன்னால் போனான். கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே எதையோ சொன்னான். பாபிகிர் கேட்டவன்போல் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் நடந்தான்.